மெட்டீரியல் சயின்ஸில் பிஎச்டி முதல் சொந்த லேப் வரை: முழுமையான வழிகாட்டி

எம்எஸ்சி கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், எந்த டாபிக்ல பிஎச்டி பண்ணா நல்லது?" அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவற்றை விட்டுவிட்டு டாபிக்கிலிருந்து ஆரம்பித்தவர்கள், ஐந்தாறு வருடம் கழித்து நல்ல பேப்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பம் போட முடியாமல் நிற்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒரு கட்டத்துக்குத் தேவையானதை அதற்கு முந்தைய கட்டத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது. இந்தியாவில் ஆராய்ச்சி செய்து இங்கேயே ஆசிரியப் பணிக்கு வர நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் வயதையும் சான்றிதழையும் பாருங்கள்

ஒரு தாளில் உங்கள் பிறந்த தேதியை எழுதி, பக்கத்தில் இந்த எண்களை எழுதுங்கள். பிஎச்டிக்கு உதவித்தொகை தரும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் ஜேஆர்எஃப்புக்கு (இளநிலை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்) பொதுப்பிரிவில் உச்ச வயது 30. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையான டிஎஸ்டி, பிஎச்டி முடித்தவர்களுக்குத் தரும் இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி ஃபெல்லோஷிப்புக்கு 32. ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் மத்திய அமைப்பான ஏஎன்ஆர்எஃப் தரும் தேசிய போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி) ஃபெல்லோஷிப்புக்கு 35. புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கு அதே அமைப்பு தரும் பிரதம மந்திரி ஏர்லி கரியர் கிராண்ட்டுக்கு 42. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் பெண்களுக்கும் பெரும்பாலானவற்றில் தளர்வு உண்டு, அறிவிப்பில் உங்கள் பிரிவுக்கு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். இதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு பிஎச்டி சேர்ந்தால் எந்த வயதில் முடிப்பீர்கள், அப்போது எந்தெந்தக் கதவு திறந்திருக்கும் என்று கணக்குப் போடுங்கள். பிஎச்டிக்கு ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். விதிப்படி மூன்று வருடத்தில் முடிக்கலாம், ஆனால் ஒரு பொருளைத் தயாரித்து, அளந்து, திரும்பவும் தயாரித்துச் சரிபார்க்கும் துறையில் அது அபூர்வம்.

அடுத்தது பட்டத்தின் பெயர். இதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். எம்எஸ்சி நானோ சயின்ஸ், எம்எஸ்சி மெட்டீரியல் சயின்ஸ் என்ற பட்டங்களோடு ஆராய்ச்சிக்குள் நுழைவதில் சிக்கல் இல்லை. சிக்கல் பிற்பாடு வருகிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் மெட்டீரியல் சயின்ஸ் என்று தனித் துறை அநேகமாகக் கிடையாது. இயற்பியல் துறையிலோ வேதியியல் துறையிலோதான் உங்களைச் சேர்க்க வேண்டும். அங்கே "உரிய பாடத்தில் முதுநிலைப் பட்டம்" என்ற வரி வந்து நிற்கும். உங்கள் பட்டம் இயற்பியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா, பல்கலைக்கழகம் இணைத்தன்மைச் சான்று தருமா என்று அப்போது அலைய வேண்டியிருக்கும். இன்னும் முதுநிலையில் சேராதவராக இருந்தால், கல்லூரி ஆசிரியர் வேலையும் ஒரு வாய்ப்பாக இருக்கட்டும் என்று நினைப்பவராக இருந்தால், எம்எஸ்சி இயற்பியல் அல்லது வேதியியல் படித்துவிட்டு பிஎச்டியில் மெட்டீரியல் பக்கம் வாருங்கள். பொறியியல் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு மெட்டலர்ஜி (உலோகவியல்) பட்டம் இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

மூன்றாவது, ஓபிசி சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசு வேலைக்குச் செல்லும். ஐஐடி, என்ஐடி, சிஎஸ்ஐஆர் எல்லாவற்றுக்கும் மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அது நிதியாண்டுக் கணக்கில் செல்லும் என்பதால் ஏப்ரல் பிறந்ததும் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பயனில்லை.

2. கோடை விடுமுறையில் ஒரு லேபுக்குள் நுழையுங்கள்

இளநிலை மூன்றாம் ஆண்டிலோ எம்எஸ்சி முதலாம் ஆண்டிலோ இதைச் செய்துவிட வேண்டும். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் இருக்கிறது, பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையம் தனியாக ஒன்று நடத்துகிறது. கோடைக்கு என்று பெயர் இருந்தாலும் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். மார்ச்சில் தேடினால் ஒன்றும் இருக்காது.

இரண்டு மாதத்தில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வரப்போவதில்லை. காலையிலிருந்து மாலைவரை ஒரே பொடியை உரலில் அரைத்து, பெல்லட் (அழுத்திய வில்லை) போட்டு, அது உடைந்து, மறுபடி அரைக்கிற வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். அதோடு, உங்களைக் கையால் வேலை செய்து பார்த்த ஒருவர் பின்னால் சிபாரிசுக் கடிதம் எழுதுவார். வகுப்பில் மட்டும் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரியும்.

3. எந்தத் தேர்வு எந்தக் கதவைத் திறக்கும்

எல்லாத் தேர்வையும் எழுத வேண்டியதில்லை. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் மெட்டீரியல் சயின்ஸ் என்று தனித் தாள் இல்லை; இயற்பியல் அல்லது வேதியியல் தாளைத்தான் எழுத வேண்டும். ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. இந்தப் பணம் உங்கள் பெயரில் வருகிறது என்பதுதான் முக்கியம். கைடின் ப்ராஜெக்ட் முடிந்தாலும் உங்கள் உதவித்தொகை நிற்காது, அதனால் டாபிக்கைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் பேச்சுக்கும் ஒரு இடம் இருக்கும்.

கேட் தேர்வில் மெட்டலர்ஜிக்கு எம்டி தாள் உண்டு. இன்ஜினியரிங் சயின்ஸஸ் எனப்படும் எக்ஸ்இ தாளில் மெட்டீரியல் சயின்ஸ் ஒரு பிரிவாக வரும். அதில் கணிதம் கட்டாயம், மீதிப் பிரிவுகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால் கடைசி ஆண்டுக்குக் காத்திருக்காமல் அதற்கு முந்தைய ஆண்டே ஒருமுறை எழுதிவிடுங்கள். இயற்பியல்காரர்களுக்கு, பல ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்டி சேர்க்கைக்கு நடத்தும் ஜெஸ்ட் தேர்வும் இருக்கிறது.

4. இடத்தைவிட முன்னால் கருவியையும் கைடையும் பாருங்கள்

இப்போதுதான் டாபிக் வருகிறது. அதையும் "கிராஃபீன் பண்ணலாமா, பேட்டரி பண்ணலாமா" என்று கேட்காதீர்கள். ஐந்து வருடத்தில் எந்த ஒரு அளவீட்டில் நீங்கள் ஆழமாகத் தேர்ச்சி பெறப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பொருள் மாறிக்கொண்டே இருக்கும், ஃபேஷனும் மாறும். டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பையோ (டெம்), எக்ஸ்-கதிர் அளவீட்டிலிருந்து படிக அமைப்பைக் கணக்கிடும் ரீட்வெல்ட் பகுப்பாய்வையோ, மாறுமின்னோட்டத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பை அளக்கும் மின்வேதியியல் இம்பீடன்ஸையோ முழுசாகத் தெரிந்தவரை எந்தக் குழுவும் தேடிப் பிடிக்கும்.

அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரிக்கும் அரிமானத்துக்கும் (உலோகம் துருப்பிடிப்பது) காரைக்குடியில் உள்ள சிஎஸ்ஐஆரின் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி. அணு உலை எஃகுகள், கதிர்வீச்சு பட்ட பொருள்கள் என்றால் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். படிக வளர்ப்புக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிரிஸ்டல் குரோத் சென்டர். உலோகக் கலவைகளுக்கு ஐஐடி மெட்ராஸும் திருச்சி என்ஐடியும் இருக்கின்றன, பெங்களூரு ஐஐஎஸ்சி எல்லாப் பக்கமும் பலமானது. சிக்ரியில் சேர்ந்தால் பட்டம் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்கான கல்வி நிறுவனமான ஏசிஎஸ்ஐஆர் பெயரிலும், கல்பாக்கத்தில் சேர்ந்தால் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரிலும் வரும். இதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய கடைசி ஐந்து மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். லேபில் இருக்கும் சீனியரிடம் தனியாகப் பேசுங்கள். "சார் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் சொல்வார்கள். "டிராஃப்ட் குடுத்தா எத்தனை வாரத்துல திரும்பி வரும்?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும்.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை, நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது நேர விரயம். அந்தக் குழுவின் ஒரு பேப்பரை முழுசாகப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தைக் குறிப்பிட்டு, எட்டு வரியில் எழுதுங்கள். என் அனுபவத்தில் இப்படி வரும் கடிதங்களுக்குத்தான் பதில் போடத் தோன்றும்.

5. நேர்முகத் தேர்வு: ஒரு படத்தை முழுசாக விளக்குங்கள்

குழு கேட்பது பெரும்பாலும் உங்கள் எம்எஸ்சி ப்ராஜெக்டிலிருந்துதான் ஆரம்பிக்கும். தமிழ்நாட்டிலிருந்து வரும் விண்ணப்பங்களில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் ஏராளம், அதில் தப்பில்லை. அவர்கள் காட்டுவது எக்ஸ்ஆர்டி படம், அதாவது எக்ஸ்-கதிர் பொருளின் மேல் பட்டு எந்தெந்தக் கோணத்தில் உச்சமாக (பீக்) வருகிறது என்று பார்த்து படிக அமைப்பை அறியும் அளவீடு. "மாங்கனீஸ் சேர்த்திருக்கிறேன், எக்ஸ்ஆர்டி பீக் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, அதனால் மாங்கனீஸ் லாட்டிஸுக்குள் (படிக அடுக்குக்குள்) போய்விட்டது" என்று மாணவர் சொல்வார். குழுவில் ஒருவர், "சாம்பிள் ஹோல்டரில் பொடி கொஞ்சம் பள்ளமாக இருந்திருந்தால்?" என்று கேட்பார். அங்கே மௌனம்.

பதில் இதுதான். பொடியின் மேல்பரப்பு இருக்க வேண்டிய உயரத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் கீழே இறங்கினாலே, சாதாரண லேப் கருவியில் பீக் ஏறக்குறைய 0.06 டிகிரி இடப்பக்கம் நகரும். பலர் டோப்பிங் (வேற்று அணு சேர்ந்தது) என்று காட்டும் நகர்வே அவ்வளவுதான் இருக்கும். அதனால் கொஞ்சம் சிலிக்கான் பொடியைக் கலந்து அளக்க வேண்டும். தாமிர எக்ஸ்-கதிரில் சிலிக்கானின் முதல் பீக் 28.44 டிகிரியில் வர வேண்டும். அது அங்கேயே நின்று துத்தநாக ஆக்சைடின் பீக் மட்டும் நகர்ந்திருந்தால் உங்கள் வாதத்துக்கு அடிப்படை இருக்கிறது. இந்த ஒரு பதிலைச் சொல்லத் தெரிந்தவரை நாங்கள் விட மாட்டோம், சதவீதம் இரண்டு புள்ளி குறைவாக இருந்தாலும்.

6. முதல் வருடம்: பொருளைத் திரும்பத் தயாரிக்க முடிகிறதா?

கோர்ஸ்வொர்க் நடக்கும் காலத்தையும் வீணாக்காதீர்கள். குழுவில் ஏற்கெனவே வெளியான ஒரு பொருளை எடுத்து, பேப்பரில் உள்ளபடி தயாரித்து, அதே அளவீடு வருகிறதா என்று பாருங்கள். வராது. ஏன் வரவில்லை என்று தேடுவதுதான் முதல் வருடத்தின் உண்மையான பாடம்.

லேப் நோட்டில் "900 டிகிரி, 12 மணி நேரம்" என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து அது உங்களுக்கே உதவாது. எந்த ஃபர்னஸ் (உலை), நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏற்றினீர்கள், க்ரூசிபிள் (பொடியைச் சூடாக்கும் கிண்ணம்) அலுமினாவா பிளாட்டினமா, மூடி இருந்ததா, வேதிப்பொருள் பாட்டிலின் லாட் எண் என்ன என்றெல்லாம் எழுதுங்கள். லித்தியம் உள்ள பொருளைச் சூடாக்கினால் லித்தியம் ஆவியாகி வெளியேறும், அலுமினாவோடும் வினைபுரியும்; மூடி இருந்ததா இல்லையா என்ற ஒரு வரியில் முடிவு தலைகீழாக மாறும். அலுமினா குழாய் ஃபர்னஸை நிமிடத்துக்கு 5 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். குழாய் விரிசல் விட்டால் புதுசு வரும்வரை லேபே நிற்கும்.

7. அளவீடுகளுக்கும் ஒரு வரிசை உண்டு

விலை குறைந்தது முதலில், விலை கூடியது கடைசியில். எக்ஸ்ஆர்டியில் வேண்டிய ஃபேஸ் (படிக வடிவம்) சுத்தமாக வராத சாம்பிளை டெம்முக்கு அனுப்பாதீர்கள். எக்ஸ்ஆர்டி, பிறகு செம் (மேற்பரப்பைக் காட்டும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்), அப்புறம் ராமன் (ஒளிச்சிதறல் அளவீடு), வெப்பப் பகுப்பாய்வு, கடைசியாக டெம், எக்ஸ்பிஎஸ் (மேற்பரப்பில் உள்ள தனிமங்களை எக்ஸ்-கதிரால் அறிவது). வெளி நிறுவனங்களில் வரிசை நீளம். ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் போன்ற பொதுக் கருவி மையங்களிலும், நாடு முழுவதும் உள்ள கருவிகளைத் தேடிப் பதிவு செய்ய உதவும் ஐ-ஸ்டெம் தளத்திலும் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள்.

திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ஆர்டி பீக்கின் அகலத்திலிருந்து கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் வருவது கிரிஸ்டலைட்டின் (ஒற்றைப் படிகப் பகுதியின்) அளவு, செம்மில் தெரிவது துகளின் அளவு. ஒரு துகளுக்குள் பல கிரிஸ்டலைட்டுகள் இருக்கலாம், அதனால் 20 நானோமீட்டரும் 200 நானோமீட்டரும் முரண்பாடு ஆகாது. ஆனால் கருவியே தரும் அகலத்தைக் கழிக்காமல் ஷெரர் போட்டால் அந்த 20-க்கு அர்த்தம் இல்லை. லாந்தனம் ஹெக்ஸாபோரைடு மாதிரி ஒரு ஸ்டாண்டர்டை அதே அமைப்பில் அளந்து கழியுங்கள். தாமிரம் உள்ள சாம்பிளைத் தாமிர கிரிட்டில் (சாம்பிளைத் தாங்கும் வலையில்) வைத்து டெம்மில் தனிமப் பகுப்பாய்வு எடுக்காதீர்கள், வருவது கிரிட்டின் தாமிரமா சாம்பிளின் தாமிரமா என்று யாராலும் சொல்ல முடியாது. நிக்கல் அல்லது தங்க கிரிட் கேளுங்கள். கார்பன் டேப்பின் மேல் ஒட்டிவிட்டு ஈடிஎஸ் (தனிமப் பகுப்பாய்வு) எடுத்து கார்பன் சதவீதம் எழுதுவதும் அதே வகைத் தவறுதான்.

கருவி இயக்குபவர் தரும் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ரிவியூவர் இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் பவர்பாயிண்டில் ஒட்டிய படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பகுப்பாய்வுக்கு ஃபுல்ப்ராஃப், ஜிஎஸ்ஏஎஸ்-2, வெஸ்டா, இமேஜ்ஜே எல்லாம் இலவசம். அமைப்புத் தரவுக்கு கிரிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸும் மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட்டும் இருக்கின்றன. திருட்டு மென்பொருள் தேவையே இல்லை.

8. பேப்பர்

எண்ணிக்கைக்கு ஓடாதீர்கள். யுஜிசியின் 2022 விதிகள் தீசிஸுக்கு முன் பேப்பர் கட்டாயம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கின்றன, உங்கள் இடத்தில் எப்படி என்று சேர்ந்த முதல் மாதமே படித்துவிடுங்கள். வேலைக்கான குழு பார்ப்பது ஒரே விஷயம்: நீங்கள் முதல் ஆசிரியராக இருக்கும் இரண்டு மூன்று பேப்பர்கள் ஒரே கேள்வியைத் தொடர்ந்து கேட்கின்றனவா, இல்லை ஒன்றில் சென்சர், ஒன்றில் சோலார் செல், ஒன்றில் பாக்டீரியா என்று சிதறிக் கிடக்கின்றனவா.

படங்களை முதலில் செய்யுங்கள். ஐந்து படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை நிற்கிறதா என்று தெரியும். நிற்கவில்லை என்றால் எழுதி நேரத்தைச் செலவழிப்பதைவிட லேபுக்குத் திரும்புவது மேல். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று அழைக்கும் ஜர்னல்களுக்குப் போகவே கூடாது. ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால் உங்கள் பெயரிலிருந்து அதை எடுக்க முடியாது.

9. போஸ்ட்டாக்: தீசிஸ் கொடுப்பதற்கு ஒரு வருடம் முன்பே

சினாப்சிஸ் (தீசிஸின் சுருக்கம்) கொடுத்த பிறகு தேட ஆரம்பிப்பது மிகவும் தாமதம். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்பில் போஸ்ட்டாக் பிரிவு பிஎச்டி முடித்த நான்கு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு. ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ்ஸுக்கு ஆறு வருடம், ஐரோப்பாவின் மேரி கியூரிக்கு எட்டு. மேரி கியூரியில் இன்னொரு விதியும் இருக்கிறது: போக விரும்பும் நாட்டில், கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனிக்கு ஒன்றரை வருட வேலையாகப் போய்விட்டு, அங்கிருந்தே அதே நாட்டுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எங்கே போனாலும், பிஎச்டியில் செய்ததையே செய்யாதீர்கள். தயாரிப்பில் தேர்ந்தவர் அளவீட்டுக் குழுவுக்கும், அளவீட்டில் தேர்ந்தவர் கணினிக் கணக்கீட்டுக் குழுவுக்கோ தயாரிப்புக் குழுவுக்கோ போங்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் உங்களுக்கென்று ஒரு ஆராய்ச்சித் திட்டம் பிறக்கும். முன்னாள் கைடின் திட்டத்தையே நகலெடுத்து வருபவரை எந்தத் துறையும் சேர்த்துக்கொள்ள யோசிக்கும்.

இந்தியாவிலேயே இருக்க விரும்பினால் ஏஎன்ஆர்எஃப்பின் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும். குடும்பச் சூழலால் வெளிநாடு போக முடியாதவர்கள் தயங்க வேண்டாம். வேறு நகரத்தில், வேறு கருவியோடு வேலை செய்தால் அதுவும் முழு மதிப்புள்ள போஸ்ட்டாக்தான்.

10. ஆசிரியர் பணிக்கு விண்ணப்பம்

ஐஐடிகளில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்கு பிஎச்டிக்குப் பிறகு மூன்று வருட அனுபவம் வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,01,500. அந்த அனுபவம் இல்லாதவர்களை இரண்டாம் நிலையில் ஒப்பந்த அடிப்படையில் எடுப்பார்கள். பல்கலைக்கழகங்களில் யுஜிசி அளவில் 57,700-இல் தொடங்கும். ஐஐடிகளில் பல, ஆண்டு முழுவதும் விண்ணப்பத்தைத் திறந்தே வைத்திருக்கின்றன, ஆனால் துறைகள் அவற்றைத் தொகுத்துப் பார்ப்பது வருடத்துக்கு ஓரிரு முறைதான்.

ரிசர்ச் ஸ்டேட்மென்ட்டில் முக்கால்வாசிப் பேர் பழைய வேலையின் சுருக்கத்தை எழுதுகிறார்கள். அதற்கு அரைப்பக்கம் போதும். மீதியில் அடுத்த ஐந்து வருடம் என்ன கேள்வி, முதல் மாணவருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள், துறையில் ஏற்கெனவே உள்ள எந்தக் கருவியைப் பயன்படுத்துவீர்கள், புதிதாக எதை வாங்க எவ்வளவு ஆகும் என்று எழுதுங்கள். "இரண்டு கோடிக்கு டெம் வேண்டும்" என்று எழுதினால் அங்கேயே முடிந்தது. "என் ஃபர்னஸுக்கும் க்ளோவ் பாக்ஸுக்கும் (காற்றுப் புகாத வேலைப்பெட்டி) இவ்வளவு, மீதி உங்கள் மையக் கருவிகளில் செய்வேன்" என்று எழுதியவர் வேலையை யோசித்துப் பார்த்திருக்கிறார் என்று குழுவுக்குத் தெரியும்.

சிபாரிசுக் கடிதம் எழுதப்போகும் மூவருக்கும் விண்ணப்பத்தோடு உங்கள் ஸ்டேட்மென்ட்டையும் அனுப்பிவிடுங்கள். மூவரில் ஒருவராவது நீங்கள் வேலை செய்யாத குழுவைச் சேர்ந்தவராக இருக்கட்டும், கருத்தரங்கில் உங்கள் போஸ்டர் முன்னால் நின்று கேள்வி கேட்டவராகக்கூட இருக்கலாம்.

11. சேர்ந்த முதல் ஆறு மாதம்

ஆர்டர் கிடைத்ததும் முதல் வேலை அறையின் மின்சாரம். மூன்று ஃபேஸ் இணைப்பு, எர்த்திங், தண்ணீர், எக்ஸாஸ்ட், கேஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டு நிறுத்த இடம். ஃபர்னஸ் வந்து இறங்கியும் இணைப்பு இல்லாமல் மாதக்கணக்கில் பெட்டியிலேயே கிடப்பது எல்லா வளாகத்திலும் நடப்பதுதான். டெண்டர், கொள்முதல் குழு, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளம் என்று ஒரு சாதாரணக் கருவிக்கே பல மாதம் ஆகும்; அதனால் எது இல்லாமல் ஒரு சாம்பிள்கூடச் செய்ய முடியாதோ அதை முதலில் போடுங்கள்.

அதே வாரத்தில் ஏர்லி கரியர் கிராண்ட்டின் அறிவிப்பைப் பாருங்கள், நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் அது, வயது வரம்பை முதல் படியிலேயே எழுதி வைத்திருப்பீர்கள். முதல் பிஎச்டி மாணவரை ஃபர்னஸ் ஓடத் தொடங்கிய பிறகு எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் அவருடைய முதல் வருடம் கொட்டேஷன் வாங்குவதிலேயே போய்விடும், அவருடைய ஃபெல்லோஷிப் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை எம்எஸ்சி ப்ராஜெக்ட் மாணவர் ஒருவரை வைத்துக்கொண்டு, உரலும் பெல்லட் பிரஸ்ஸும் கொண்டு, நீங்களே உட்கார்ந்து முதல் சாம்பிளைச் செய்யுங்கள்.